இல்லத் தொழில்: துண்டுத் தோலில் துலங்கும் பொருள்கள்

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையிலிருந்து ஒரு சகோதரி நம் பகுதிக்கு மடல் எழுதியுள்ளார். வாணியம்பாடிப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் அவருடைய மச்சான், ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சாக்கு நிறையத் தோல் துணுக்குகளைக் கொண்டுவந்து போடுவது வழக்கமாம். "விறகு கிடைக்காத நாள்களில் வெந்நீர் அடுப்பில் இவற்றைத்தான் எரிக்கிறோம். நன்றாக எரிகிறது, ஆனால் நாற்றம் தாங்கவில்லை. கையளவு, உள்ளங்கையளவு துண்டுகளெல்லாம் அதில் இருக்கின்றன. பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. இவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தபடி ஏதேனும் செய்ய இயலுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இயலும். நிறையவே இயலும். ஆனால் அதற்கு முன் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். இம்மடலைப் படித்தவுடன் அந்தச் சாக்கை அடுப்படியிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். இன்று சந்தைக்கு வரும் காலணித் தோல்களில் பெரும்பாலானவை குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடப்பட்டவை. தோலில் தங்கியிருக்கும்போது அந்த உலோகம் ஓரளவு சாதுவான நிலையில் இருக்கிறது. காற்றோடு சேர்த்து எரிக்கும்போதோ அதன் ஒரு பகுதி வேறொரு நிலைக்கு மாறுகிறது. அறிவியலார் இதனை ஆறிணைதிறன் குரோமியம் என்பர். மூச்சோடு உள்ளே செல்லும்போது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் இது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியுள்ளது. உடலில் படும் தோல் பொருள்களில் இப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் சட்டமே செய்திருக்கிறது. அத்தனை விழிப்போடு அந்நாட்டார் விலக்கும் ஒன்றை நாம் நம் அடுப்படியில் நாமே உண்டாக்கிக் கொள்ளலாமா?

புகை மட்டுமன்று, சாம்பலும் கேடே. நம் கிராமங்களில் அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவும், கத்தரிச் செடிக்குத் தூவவும் பயன்படுத்துகிறோம். தோல் எரிந்த சாம்பலை இவ்விரண்டுக்கும் தொடவே கூடாது. இதுவரை சேர்ந்திருக்கும் சாம்பலைக் கிணற்றங்கரையிலும் கொட்ட வேண்டாம். தோல் துணுக்குகளைக் கோழித் தீவனமாக மாற்றும் வழக்கம் வங்காளதேசத்தில், டாக்கா நகரின் ஹஸாரிபாக் தோல் பேட்டையை ஒட்டி நெடுநாள் இருந்தது. குரோமியம் கோழியிலும் முட்டையிலும் ஏறுகிறது என்று தெரிந்த பின், 2011 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எரிக்கவும் கூடாது, எருவாக்கவும் கூடாது, தீவனமாக்கவும் கூடாது என்றால், வெட்டித் தைத்துப் பயன்படுத்துவதே வீட்டில் இருப்போருக்கு எஞ்சியுள்ள நல்ல வழி.

இத்தனை துணுக்குகள் எங்கிருந்து வருகின்றன? ஆம்பூர் என்றதும் பலருக்குப் பிரியாணிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உலகம் அறிந்திருப்பது தோலால்தான். நம் சமுதாயத்தாரின் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில் அது. கல்வி நிலையங்கள் பலவும் அத்தொழிலின் வருவாயில் எழுந்தவையே. தொழிற்கூடத்துக்குள் செல்லும் பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் செருப்புக்கோ பைக்கோ உகந்த தோலாக வெளிவருகிறது. அந்தக் கால் பங்கையும் முழுதாகப் பயன்படுத்த முடிவதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உடம்பு சதுரமாக அமையவில்லையே! முதுகுப் பகுதி இறுக்கமாகவும், வயிறும் கழுத்தும் தளர்வாகவும் இருக்கும். முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட அடையாளம் ஆகியவற்றை விலக்கி வளைவு வளைவாக வெட்டும்போது இடையிடையே துண்டுகள் விழுகின்றன. தரம் குறைந்ததால் விழுந்தவை அல்ல அவை; வடிவம் பொருந்தாததால் விழுந்தவை. பல துண்டுகள் வெளிநாட்டுக்குச் செல்லும் விலையுயர்ந்த காலணியின் அதே தோல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தீர்த்தமலைக்கும் இத்தொழிலுக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், தீர்த்தகிரீஸ்வரர் கோயிலாலும் மலைச் சுனைகளாலும் பெயர் பெற்ற அவ்வூரைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் ஆவாரை தானாகவே வளர்ந்து கிடக்கிறது. பக்கத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகள் கடுக்காய்க்குப் பெயர் பெற்றவை. ஆவாரம் பட்டையும் கடுக்காயுமே பழைய தமிழகத்தின் பதனிடு பொருள்கள். ஆவாரம் பட்டை ஊறிய தொட்டியில் பல வாரங்கள் கிடந்து, கடுக்காய்ச் சாற்றில் முடிவு பெற்ற தோல்தான் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் இலண்டன் சந்தைவரை சென்றது. 1903 ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்த பின்னரே புதிய வழி பரவத் தொடங்கியது. பல்லாவரத்தில் எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பது பலர் அறியாத செய்தி. பட்டை முறையில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோம் முறை நாள்கணக்கில் முடித்தது. அதற்கான விலையைப் பாலாறு செலுத்த நேர்ந்தது. அது தனிக்கதை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில் அளித்த தீர்ப்பும், அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் அளித்த தீர்ப்பும், இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளிலும் பிரச்சினை தீரவில்லை என்பதைக் காட்டுகின்றன.

தோல் வேலை என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் எப்படியோ நுழைந்துவிட்டது. இது நம் மார்க்கம் கற்பித்ததன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக் கொண்டவர்கள். அவர்கள் உறங்கிய விரிப்பு, பேரீச்ச நார் நிரப்பிய தோல் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று இறந்து கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன் பெற்றிருக்கக் கூடாதா என்று நபியவர்கள் வினவினார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்றார்கள் உடனிருந்தோர். உண்பதுதான் தடுக்கப்பட்டுள்ளது என்று நபியவர்கள் விளக்கம் தந்தார்கள். கழிவு என்று ஒதுக்கப்பட்டதில் பயனைத் தேடச் சொன்ன நிகழ்ச்சி இது.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். தம் மனைவியருள் கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் வந்து சேர்வார் என்று நபியவர்கள் கூறியதைக் கேட்டு, அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனராம். ஹிஜ்ரி 20 இல் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோதுதான், நீளம் என்றது கொடையை என்று அவர்களுக்கு விளங்கியது. அந்தக் கொடைக்கான பொருள் எங்கிருந்து வந்தது? அன்னையார் தம் கையால் தோல் பதனிட்டார்கள், தைத்தார்கள், விற்றார்கள். வந்ததைத் தருமம் செய்தார்கள். நம் சகோதரிகளுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீட்டில் அமர்ந்து தோல் தைக்கும் பெண்ணைப் பார்த்து இனி யாரேனும் ஏளனம் செய்தால், அன்னையின் பெயரைச் சொல்லுங்கள்.

தூய்மை பற்றிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதனிட்ட தோல் தூய்மையாகும் என்ற சட்டத்தில் பன்றித் தோல் அடங்காது. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அதுவே தீர்ப்பு. நம் ஊர்த் தோலில் ஆடும் மாடும் எருமையுமே மிகுதி. ஆயினும் வெளிநாட்டிலிருந்து வரும் உள்தோலில் பன்றித் தோல் கலந்திருக்க வாய்ப்புண்டு. அடையாளம் காண்பது கடினமன்று. மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பன்றித் தோலில் மயிர்த் துளைகள் மும்மூன்றாக, சிறு முக்கோணம்போல் கூடியிருக்கும். மாட்டுத் தோலில் துளைகள் நெருக்கமாக, ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலில் சிறு வரிசைகளாக அமைந்திருக்கும். துளையே தெரியாத சொரசொரப்பான துண்டாக இருந்து ஐயமும் எழுந்தால், அதை விட்டுவிடுவதே பேணுதல்.

இனி சாக்கைக் கொட்டிப் பிரிக்கலாம். தரையில் பழைய பாயை விரித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இவ்வேலையைச் செய்யுங்கள். தோல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முதலில் ரெக்சினை நீக்க வேண்டும். கிழித்துப் பார்த்தால் அடியில் துணி நெசவு தெரிவது ரெக்சின். பஞ்சு போன்ற நார் தெரிவது தோல். பிறகு எஞ்சியவற்றைக் குரோம் தோல், பட்டைத் தோல் என இரண்டாகப் பிரியுங்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் குரோம் தோலில் நீலம் கலந்த சாம்பல் நிறமும், பட்டைத் தோலில் பழுப்பும் தெரியும். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இந்த அடையாளம் ஏமாற்றும். அப்போது இரு சோதனைகள் உதவும். துருப்பிடித்த ஆணியை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்து, அதில் ஒரு துளியைத் தோலின் பின்புறம் விடுங்கள். மை போலக் கறுத்தால் பட்டைத் தோல். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து எழுதும் மை உண்டாகும் அதே வினைதான் இது. இரண்டாவது, விரல் அகலத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் இடுங்கள். குரோம் தோல் ஏறத்தாழ அப்படியே கிடக்கும். பட்டைத் தோல் சுருண்டு கட்டியாகிவிடும். சோதனைக்குச் சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். பழைய தகர டப்பா போதும்.

இவ்வாறு பிரிப்பது வெறும் ஆராய்ச்சிக்காக அன்று. பட்டைத் தோலின் ஓரத்தை நீர் தொட்டு, கண்ணாடிப் புட்டியால் அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று இறுகிவிடும். குரோம் தோலை எவ்வளவு தேய்த்தாலும் அவ்வாறு ஆகாது. அதன் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், அல்லது கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டி அப்படியே விட வேண்டும். பட்டைத் தோல் விறைப்பானது, உறைகளுக்கு உகந்தது. குரோம் தோல் மென்மையானது; பைகளுக்கு உகந்தது. இதை அறியாமல் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சலித்துப் போவார்கள்.

கருவிகளுக்கு அதிகச் செலவில்லை. கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், வெட்டுவதற்கு அடியில் ஒரு பலகை, குத்தூசி ஒன்று, மொட்டை முனை ஊசிகள் இரண்டு, நைலான் நூல், ஒரு கட்டி தேன்மெழுகு. சித்தேரி மலைத் தேன் விற்க வருவோரிடம் மெழுகு கேட்டால் கொண்டுவருவார்கள். துளைகளைச் சம இடைவெளியில் இட, உணவு மேசை முள்கரண்டியைத் தோலில் அழுத்தி அடையாளம் செய்துகொள்ளலாம். வார்ப்படம் வெட்டக் கல்யாணப் பத்திரிகை அட்டைகள் மிகப் பொருத்தம். எந்த வீட்டில்தான் அவை சேர்ந்து கிடக்கவில்லை! அட்டையைத் தோலின் பின்புறத்தில் வைத்துப் பேனாவால் வரைந்து வெட்டுங்கள். வெட்டும் முன் தோலை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். அதிகம் நீளாத பக்கமே வாரின் நீளவாக்காக அமைய வேண்டும்.

தையலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்கள் தளர்ந்துவிடும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்த வேண்டும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். நம் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அரை நாள் அமர்ந்து கற்றுக்கொள்வது, நான் இங்கே பத்துப் பக்கம் எழுதுவதைவிட மேல். அவருக்கு உரிய மரியாதையும் கூலியும் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தில்தான் தைப்பேன் என்போர் மெல்லிய உள்தோலை மட்டும் தைக்கலாம். அதற்கென்று தோல் ஊசி கடைகளில் கிடைக்கிறது. தையலைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் அஞ்சல் தலை ஓரம்போல் தோல் கிழிந்துவிடும். துணியைப் போலப் பிரித்துத் தைக்கவும் முடியாது. விழுந்த துளை விழுந்ததுதான். குண்டூசிக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப்புகளைப் பயன்படுத்துங்கள். ஒட்டுவதற்கான ரப்பர் சொல்யூஷனைக் காற்றோட்டமான திண்ணையில், குழந்தைகளும் அடுப்பும் இல்லாத இடத்தில் கையாள வேண்டும்.

முதல் பயிற்சிக்குச் சாவி வார். 2 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் நீளம். வளையத்தில் நுழைத்து மடித்து, முனைகள் சேரும் இடத்தில் 4 சென்டிமீட்டருக்குச் சுற்றித் தைத்தால் முடிந்தது. பத்து வார்கள் தைத்த பின் கை பழகிவிடும். அடுத்து மூக்குக்கண்ணாடி உறை. 18க்கு 10 சென்டிமீட்டரில் இரு மென்தோல் துண்டுகளை மூன்று பக்கமும் சேர்த்துத் தைக்க வேண்டும். மென்மையான பக்கம் உள்ளே இருப்பது நலம். கண்ணாடியில் கீறல் விழாது. முன்பக்கத்துக்கு ஒரே துண்டு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பழைய சேலைத் துணியின்மேல் மூன்று நான்கு நிறத் துண்டுகளை ஓரம் ஓரமாக ஒட்டித் தைத்து, அதன் பிறகு அளவுக்கு வெட்டுங்கள். ஒட்டுத் துண்டு என்று எவரும் சொல்லார். வேலைப்பாடு என்றே கருதுவர்.

புத்தக அடையாள நாடா, தஸ்பீஹ் பை இவையும் எளியவையே. ஆனால் சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். ஓதும் கிதாபின் பக்கத்தில் கறை ஏறினால் எவ்வளவு வருத்தம்! தஸ்பீஹ் பையின் வாயைக் கட்டத் தோல் கயிறு வேண்டும். நீளத் துண்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் துண்டை ஓரத்திலிருந்து தொடங்கி, முறுக்கு பிழிவதுபோல் அரை சென்டிமீட்டர் அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே உள்ளே சென்றால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்க் கயிறு கிடைக்கும். நனைத்து இழுத்துக் கட்டிக் காயவிட்டால் வளைவு நிமிர்ந்துவிடும். இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரை நிறுவிய அரசி, ஒரு மாட்டுத் தோல் மூடும் அளவு நிலம் கேட்டு, அத்தோலை மெல்லிய வாராக வெட்டி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள் என்று ஒரு பழங்கதை உண்டு. அந்த அரசியின் கணக்கும் இதே கணக்குதான்.

தீர்த்தமலை போன்ற ஊர்களில் எனக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுவது கதிர் அரிவாள் உறை. அறுப்புக்குச் செல்லும் பெண்கள் அரிவாளைச் சாக்கில் சுற்றி இடுப்பிலோ கூடையிலோ வைத்துச் செல்கிறார்கள்; பேருந்தில் ஏறும்போது யாருக்கேனும் காயம் நேர்கிறது. அரிவாளை அட்டையில் வைத்து வரைந்து, சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டித் தடித்த தோலில் இரண்டு வெட்டுங்கள். வெட்டுவாய் அமையும் பக்கத்தில் இரு தோல்களுக்கும் நடுவே ஒரு விரற்கடை அகல வார் ஒன்றையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த நடுவார்தான் உறையின் உயிர். அது இல்லையெனில் அரிவாளின் கருக்கு நேரே நூலில் பட்டு ஒரே மாதத்தில் உறை பிளந்துவிடும். இரும்பும் தோலும் நெடுநாள் ஒட்டியிருந்தால் துருவும் கறையும் ஏற்படும். ஆகவே அரிவாளுக்கு எண்ணெய் பூசியே உறையில் இட வேண்டும். மழைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பாத்திரம் பிடிக்கும் பிடி செய்ய விரும்புவோர், சொரசொரப்பான குரோம் தோலை 15 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு வெட்டி, நடுவே பழைய பருத்தித் துவாலையை மடித்து வைத்துத் தைக்கலாம். பட்டைத் தோல் இதற்கு ஆகாது. சூட்டில் சுருங்கிவிடும் என்பதை வெந்நீர்ச் சோதனையிலேயே பார்த்தோம். ஈரக் கையோடு இதைத் தொடாதீர்கள். ஈரத் தோல் சூட்டை உடனே கைக்குக் கடத்தும். சுடரும் இதன்மேல் படக்கூடாது. உணவு நேரடியாகப் படும் எப்பொருளையும் துண்டுத் தோலில் செய்ய வேண்டாம். புளி உரிக்கும் பெண்களுக்கு விரல் உறை செய்து தரலாமா என்று தோன்றும். புளியின் புளிப்பு தோலில் உள்ளதைக் கரைத்து இழுக்கும். வேண்டாம். தைப்பவர்களுக்கும் பூ கட்டுபவர்களுக்கும் விரல் உறை செய்து தாருங்கள். பல் முளைக்கும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளும் செய்யக் கூடாது. வாயில் வைத்துக் கடிக்கும்.

விரல் நகத்தளவுத் துணுக்குகளை என்ன செய்வது? கதவுத் தடை செய்யலாம். 15க்கு 30 சென்டிமீட்டர் ஒட்டுத் தோலை உருளையாக்கித் தைத்து, ஒரு வாயைக் கிடையாகவும் மறு வாயை அதற்குக் குறுக்காகவும் தைத்தால் சமோசா வடிவம் வரும். மூடும் முன் அடியில் ஒரு பிடி மணல், மேலே துணுக்குகளை அடைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாது. தோல் சீவலும் தூளும் இருந்தால் அவற்றை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அரைத்துப் பசையோடு அழுத்தித் தோல் அட்டை செய்யும் தொழிலுக்கு அவை பயன்படும். கழிவு வாங்குவோரிடமே திருப்பித் தந்துவிட மச்சானிடம் சொல்லுங்கள்.

வருமானத்தைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். சாவி வார் விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. எடுத்துக்காட்டாக, இரண்டு மணி நேரத்தில் பத்து வார் தைத்து ஒவ்வொன்றையும் 20 ரூபாய்க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வரவு 200, அதில் வளையம், நூல், பசை, கடைக்காரரின் பங்கு எல்லாம் போக மீதியை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உங்கள் ஊரில் வயல் வேலைக்குக் கிடைக்கும் மணிக்கூலியைவிடக் குறைந்தால், விலையையோ பொருளையோ மாற்ற வேண்டும். ஆம்பூர்ப் பகுதியில் வீட்டிலிருந்து காலணி மேல்தோல் தைத்துத் தரும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி மிகச் சொற்பம் என்பதை 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தம் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத எந்தக் கைத்தொழிலும் அந்நிலைக்கே வந்து சேரும்.

என் கருத்தில், புதுப் பொருளைவிடப் பழுது பார்ப்பதே சிற்றூரில் நிலையான வரவு தரும். ஜூன் மாதத்தில் வாங்கிய பள்ளிப் பையின் வார் ஆகஸ்டில் அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்தில் இரு பக்கமும் தோல் துண்டு வைத்து, நான்கு மூலைச் சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாக இரட்டை ஊசித் தையல் போட்டால், பை கிழிந்தாலும் வார் அறாது. கைப்பையின் காது, குடையின் பிடி வார், மிதிவண்டி இருக்கையின் கிழிசல், பெட்டியின் கைப்பிடி என்று இதற்குக் குறைவில்லை. தீர்த்தமலைக்கு வந்து செல்வோர் மிகுதி. மலையடிவாரக் கடைகளில் கண்ணாடி உறையும் சிறு பைகளும் வைத்துப் பார்க்கலாம். அரூர்ச் சந்தைக்கு அரிவாள் உறை ஏற்றது. இத்தொழிலை முறையாகக் கற்க விரும்பும் இளம் பெண்கள், 1948 ஆம் ஆண்டு தோன்றிச் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளைப் பற்றிக் கடிதம் எழுதி விசாரிக்கலாம்.

சாக்கைப் பாதுகாக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும். சணல் சாக்கில் இட்டு, தரையில் படாமல் பலகைமேல் வைக்க வேண்டும். வெயிலில் பரப்பினால் விறைத்து வெடிக்கும், நிழற்காற்றே போதும். வெள்ளைப் பூஞ்சை கண்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். விறைத்துப்போன பட்டைத் தோலுக்கு மட்டும் ஓரிரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். அடுத்த முறை மச்சான் ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் கலந்து அள்ளி வராமல், மென்தோல் ஒரு பையிலும் தடித்த தோல் ஒரு பையிலுமாக, அவர்கள் தொழிற்சாலையில் முறைப்படி கேட்டுப் பெற்றுவரச் சொல்லுங்கள்.